புளூட்டோவிலிருந்து திரும்பும் வழி

புதிதாகச் சேர்ந்திருக்கும் ஒன்பது பேருக்கும்,

வெள்ளிக்கிழமையோடு நான் இந்த வேலையிலிருந்து விலகுகிறேன். வயது முப்பத்து மூன்று. ரிட்டயர் ஆகிறேன் என்று கேன்டீனில் சொன்னதற்கு, டீ ஆற்றிக்கொண்டிருந்த அக்கா நிமிராமலே, "ஏனுங்க அம்மணி, பென்சன் எவ்வளவுங்க?" என்று கேட்டார். அடுத்து என்ன என்று நீங்களும் கேட்காதீர்கள். என்னிடம் நான்கு யோசனைகள் இருக்கின்றன. நான்கும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை.

போவதற்கு முன் புதியவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடு என்றார் நம் முதலாளி சார். புரோகிராம் எழுதும் முறை பற்றி எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார். அதற்குப் புத்தகங்கள் இருக்கின்றன, என்னைவிட வேகமாக நீங்கள் படித்துவிடுவீர்கள். நான் எழுதப்போவது இங்கே நான் செய்த முதல் வேலையைப் பற்றி. குழந்தைகளுக்கான ஒரு சின்ன விண்வெளி விளையாட்டு. பதினொரு வருடம் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு மில்களுக்குச் சம்பளப் பட்டியல், ஆஸ்பத்திரிக்கு டோக்கன், இன்னும் என்னென்னவோ செய்தாயிற்று. அவற்றில் எதையும் நினைத்து எனக்கு ஏக்கம் வந்ததில்லை. இதை நினைத்தால் வருகிறது. ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூற்று மூன்றில் நம் அலுவலகத்துக்கு நான்கு மாடி கிடையாது. காந்திபுரத்தில் மோட்டார் ரீவைண்டிங் கடைக்கு மேலே ஒரே அறை. கீழே வார்னிஷ் காயும் வாசம் மேலேதான் வரும். அவர்கள் பெரிய மோட்டாரைப் போட்டுப் பார்க்கும்போதெல்லாம் எங்கள் திரை ஒரு நடுங்கு நடுங்கும், உடனே சேவ் செய்துவிட வேண்டும். நான் பி.எஸ்சி. இயற்பியல், அதன்மேல் ஒரு வருடம் பி.ஜி.டி.சி.ஏ. என்கிற கம்ப்யூட்டர் டிப்ளமோ. தொண்டாமுத்தூரிலிருந்து பேருந்தில் வருவேன். அப்பா தென்னந்தோப்புகளில் தேங்காய் உரிக்கப் போகிறவர். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். அதனால் எல்லாம் எனக்கு அவசரம். எல்லாவற்றையும் அன்றைக்கே செய்து பார்த்துவிட வேண்டும்.

உடுமலைப்பேட்டையில் ஒரு பள்ளிக் கரஸ்பாண்டென்ட் மூன்று ஊர்களில் மெட்ரிக் பள்ளி நடத்திவந்தார். உடுமலையில் பெரியது, வெள்ளகோவிலிலும் எங்கள் தொண்டாமுத்தூரிலும் சின்னவை. மூன்றுக்கும் கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டுவிட்டார். அதை வைத்துக்கொண்டு பிள்ளைகள் என்ன செய்வது என்பது அப்புறம்தான் அவருக்குத் தோன்றியிருக்கிறது. "விண்வெளியைப் பத்தி விளையாட்டு மாதிரி ஒரு பாடம் பண்ணித் தாங்க" என்று சாரிடம் சொல்லியிருந்தார். அவருக்குப் பிடித்துவிட்டால் மூன்று பள்ளிகளிலும் நம் விளையாட்டு ஓடும். பிள்ளைகள் ஆடப்போகும் ஒன்றை நான் எழுதப்போகிறேன் என்று கேட்ட அன்று பேருந்தில் நான் உட்காரவே இல்லை, இடம் இருந்தும்.

விளையாட்டு இவ்வளவுதான். பிள்ளை தன் பெயரைத் தட்ட வேண்டும். பெயர் ராக்கெட்டின் மேல் எழுதப்படும். பூமியிலிருந்து நிலா, செவ்வாய், வியாழன் என்று ஒவ்வொன்றாகப் போகும். ஒவ்வொரு இடத்திலும் ஒரு கேள்வி. சரியாகச் சொன்னால் எரிபொருள் ஏறும், அடுத்த கிரகத்துக்குப் போகலாம். புளூட்டோவைத் தொட்டால் வாழ்த்துச் செய்தி வரும், பெயர் ஒரு பட்டியலில் ஏறி ஃபிளாப்பியிலேயே பதிந்துவிடும். அப்போது கம்ப்யூட்டருக்குத் தமிழ் தெரியாது. பெயரை இங்கிலீஷ் எழுத்தில்தான் தட்ட வேண்டும். நாங்கள் காட்டும் தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் ஒரு படம். அதனால் படம் போட ஓர் ஆள் தேவைப்பட்டது.

அப்படித்தான் காதர் அண்ணன் வந்தார். கோட்டைமேட்டுக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். சிறுமுகை நெசவாளர்களுக்குச் சேலை பார்டர் டிசைன் போட்டுக்கொண்டிருந்தார். அதைக் கிராப் காகிதத்தில்தான் போடுவார்கள். கட்டத்தை நிரப்பினால் அந்த இடத்தில் ஜரிகை, வெறுமனே விட்டால் பட்டு. திரைக்கும் அதே கணக்குதானே, ஒரு கட்டம் ஒரு புள்ளி. இதைக் கண்டுபிடித்த பெருமை சாருக்கு.

முதல் வாரம் அவர் கொண்டுவந்த ராக்கெட்டைக் கட்டம் கட்டமாக எண்ணாக்கித் தட்டினேன். ஒரு நாள் முழுக்க ஆயிற்று. ஓட்டிப் பார்த்தால் திரையில் பாதி ராக்கெட் நிற்கிறது. மூக்கிலிருந்து வால்வரை நடுவில் பிளந்துவிட்ட மாதிரி.

"ஏனுங்ணா, மறுபாதி எங்கீங்க?"

"அது தறி போட்டுக்குமே அம்மணி."

மாங்காயோ மயிலோ, சேலையில் எதுவானாலும் அவர் இடது பாதியைத்தான் வரைவாராம். தறியில் நூல் கட்டியிருக்கும் விதத்தில் வலது பாதி கண்ணாடியில் பார்ப்பதுபோல் தானாக விழுந்துவிடுமாம். பன்னிரண்டு வருடமாக அவர் எதையும் முழுதாக வரைந்ததில்லை. நான் சிரித்துவிட்டேன். அவர் கிராப்பைச் சுருட்டிக்கொண்டே கேட்டார். "ஏனுங்க, உங்க மிஷினுக்கு அந்தளவுக்கு வேலை தெரியாதுங்களா?"

சிரிப்பு நின்றுவிட்டது. தெரியும். பத்து வரி எழுதினால் தெரியும். அன்றிலிருந்து ராக்கெட், பூமி, நிலா, வியாழன் எல்லாம் பாதிதான். அந்தப் பள்ளிகளின் கம்ப்யூட்டரில் ஹார்ட் டிஸ்க் கிடையாது. தோசை மாதிரி வளையும் அகல ஃபிளாப்பி ஒன்றில், முந்நூற்று அறுபது கேபிக்குள் எல்லாம் அடங்கியாக வேண்டும். நான் பார்த்துச் சிரித்த பாதிதான் விளையாட்டையே உள்ளே அடக்கியது. ஒருவர் செய்ததைத் தப்பு என்று சொல்வதற்கு முன் எந்த மிஷினுக்காகச் செய்தார் என்று கேட்டுவிடுங்கள். நான் கேட்கவில்லை. அதற்காக இன்றுவரை அவர் என்னை வாரிக்கொண்டிருக்கிறார்.

ஒன்றை மட்டும் அவர் பாதியாக வரையவில்லை. சனி. நூலகப் புத்தகத்தில் பார்த்திருக்கிறார். "வளையம் சாஞ்சு நிக்கறதுலதானுங்க அதோட அழகே" என்றார். சாய்ந்த படத்தைப் பாதியாக மடிக்க முடியாது. ஆறு கிராப் தாள்களை ஒட்டி மூன்று வாரம் வரைந்தார். சனி முதன்முதலாகத் திரையில் வந்தபோது கீழே ரீவைண்டிங் கடையிலிருந்து கையில் கிரீஸோடு ஆட்கள் மேலே ஏறி வந்து பார்த்தார்கள். காதர் அண்ணன் பின்னால் கைகட்டி நின்றுகொண்டிருந்தார். "முழுசா ஒண்ணு போட்டுட்டனுங்க" என்று மட்டும் சொன்னார்.

கரஸ்பாண்டென்டிடம் காட்டுவதற்குப் பத்து நாள் முன்பு, பிள்ளைகள் ஆடுவதை ஒருமுறை பார்த்துவிடலாம் என்று நானும் காதர் அண்ணனும் வெள்ளகோவில் பள்ளிக்குப் போனோம். ஐந்தாம் வகுப்பு. முதலில் உட்கார்ந்தவள் கோகிலா. எண்ணெய் வைத்து இறுக்கிய இரட்டைப் பின்னல். கேள்விக்கெல்லாம் டக் டக்கென்று பதில் தட்டினாள். சனி வந்ததும் வாய்விட்டுச் சிரித்தாள். காதர் அண்ணன் என்னைப் பார்த்தார். புளூட்டோவைத் தொட்டாள். வாழ்த்துச் செய்தி வந்தது. நான் கைதட்டினேன்.

அவள் எழுந்திருக்கவில்லை.

"முடிஞ்சிருச்சு கண்ணு. அடுத்த ஆளை உடு" என்றார் டீச்சர்.

"இல்லைங்க டீச்சர். நான் இன்னும் ஊடு வந்து சேரலைங்க."

திரையைப் பார்த்துக்கொண்டே என்னைக் கேட்டாள். "ஏனுங்க்கா, திரும்பி வர்றதுக்கு எதை அமுத்தோணுங்க?"

எதையும் அமுத்த முடியாது. திரும்பி வருவதை நான் எழுதவில்லை. மறந்துவிட்டேன் என்றுகூடச் சொல்ல முடியாது, அது என் மனதில் தோன்றவே இல்லை. பக்கத்துக் கடைக்குப் போனாலும் 'போய்ட்டு வாரேன்' என்று சொல்லிவிட்டுப் போகிற ஊரில் பிறந்துவிட்டு, பிள்ளைகளைப் புளூட்டோ வரைக்கும் அனுப்பிவிட்டு அங்கேயே விட்டிருக்கிறேன். எனக்குப் போவதில்தான் அவ்வளவு ஆசை.

"எங்கப்பா போர் வண்டிக்குப் போயிருக்காருங்க" என்றாள் கோகிலா, நான் கேட்காமலே. போர்வெல் போடும் லாரியோடு மத்தியப் பிரதேசப் பக்கம் போகிறவர்கள் அந்த வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு உண்டு. "ஆறு மாசத்துக்கு ஒருக்கா வருவாருங்க. போறது ஒண்ணுமில்லையாமுங்க, வர்றதுதான் நெம்பத் தூரமாமுங்க."

வரிசையில் முப்பது பிள்ளைகள் நின்றார்கள். டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார். நான் ரீசெட் பொத்தானை அழுத்திவிட்டேன். திரை கறுத்தது. நான் செய்த முதல் தப்பு அது. பிள்ளையை அங்கே விட்டுவிட்டுத் திரையை அணைத்தேன். அவள் அழவில்லை. எழுந்து போய் வரிசையில் அடுத்து நின்ற பையனிடம், எனக்குக் கேட்கும்படியே சொன்னாள். "நெலாவோட நின்னுக்கடா. அதுக்கு மேல இவங்க கூட்டியாற மாட்டாங்க."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒருவரும் நிலாவைத் தாண்டவில்லை. கேள்விக்குப் பதில் தெரியும், வேண்டுமென்றே தப்பாகத் தட்டினார்கள். ஒரு பையன், "அக்கா, என்னய நெலா ஸ்டாப்லயே எறக்கி உட்ருங்க" என்றான். இன்னொருவன் பின்னாலிருந்து, "புளூட்டோ டிக்கெட்டுக்கு ரிட்டன் இல்லையாமாடா" என்றான். வகுப்பே சிரித்தது. சனியை அன்றைக்குப் பார்த்தது கோகிலா ஒருத்திதான்.

காந்திபுரம் வந்து சாரிடம் சொன்னேன். "பத்திரமாத் திரும்பி வந்துட்டாய்னு ஒரு வரி போட்டுரு" என்றார்.

"படிச்சிட்டு நம்ப மாட்டாங்க சார். அவ நம்ப மாட்டா."

"எவ?"

பெயரைச் சொன்னால், முப்பது பேரில் ஒரு பிள்ளைக்காகவா என்று கேட்டுவிடுவார். ஆனால் எனக்கு அந்த நேரத்திலிருந்து வேலை என்பது அவளை வீடு கொண்டுவந்து சேர்ப்பது ஒன்றுதான்.

எழுதுவது கஷ்டமில்லை. கிரகங்கள் இருக்கின்றன, ராக்கெட்டைத் திருப்பிவிட்டால் வந்த வழியே வரும். ஆனால் பூமிக்கு வந்து இறங்கும்போது ஏதோ ஒன்று தெரிய வேண்டும், அதற்கு ஒரு புதுப் படம் வேண்டும். ஃபிளாப்பியில் துளி இடமில்லை. இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது சனி.

"சனியை எடுத்துரலாங்களாண்ணா?" என்று கேட்டேன். எப்படி இவ்வளவு சுலபமாகக் கேட்டேன் என்று இப்போது நினைத்தால் கூசுகிறது. அவர் இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் ஒரே ஒரு கிராப் தாளோடு வந்தார். "வளையத்தை நேரா நிமித்திப்போட்டனுங்க. இப்பப் பாதி போதும்." தாளை என் மேஜையில் வைத்துவிட்டு, சாய்ந்த சனியின் ஆறு தாள்களையும் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

பிறகு அவரே கேட்டார். "இறங்கற எடத்துல ஊடு எப்படிங்க போடறது? ஓட்டு ஊடா, மச்சு ஊடா?"

"யாரு ஊடுன்னு நமக்கெப்படிங்ணா தெரியும்?"

பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். "அப்பக் கதவு மட்டும் போட்டுக்கறேன் அம்மணி. தொறக்கட்டும். உள்ள யாரு இருக்காங்கங்கறதைப் புள்ளைங்களே பாத்துக்கட்டும்."

அந்த ஒரு வாரத்தை எனக்கு யாராவது திருப்பிக் கொடுத்தால் என் நான்கு யோசனைகளையும் இந்த மேஜையிலேயே விட்டுவிட்டுப் போவேன். கதவு திறக்கும்போது உள்ளேயிருந்து வரும் வெளிச்சத்துக்கு என்ன நிறம் என்று அரை நாள் சண்டை போட்டோம். இருந்ததே நான்கு நிறம். கீழே மோட்டார் உறுமும், திரை நடுங்கும், "சேவ் பண்ணுங்க அம்மணி" என்று அவர் கத்துவார். எழுதி முடித்தோம். போக இருபது நிமிடம், வர ஏழு நிமிடம். வரும் வழியில் கேள்வி கிடையாது. கிரகங்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போகும், நிலா போகும், கதவு திறக்கும்.

உடுமலைப்பேட்டையில் கரஸ்பாண்டென்டின் அறை. நானும் சாரும் காதர் அண்ணனும். அவர் தானே உட்கார்ந்து ஆடினார். போனார், வந்தார். கதவு திறந்ததும், "நல்லாருக்குதுங்க" என்றார். எனக்கு உள்ளுக்குள் பறந்தது.

"ஆனா பாருங்க. ஒரு பீரியட் நாப்பது நிமிசம். போயிட்டு வந்தா இருவத்தேழு. ஒரு மிஷின்ல ஒரு புள்ளதான் ஆடும். போறதோட நின்னா ரெண்டு புள்ள ஆடும்." கையில் இருந்த பேனாவால் திரையைத் தட்டினார். "பாடமெல்லாம் போற வழிலதானே இருக்குது? வர்ற வழில என்ன படிப்பு இருக்குது?"

சார் என்னைப் பார்த்தார். முடிவை என்னிடம் விட்டார் என்று சொல்லிக்கொள்ளலாம்.

"வர்ற வழிய எடுத்துப்போடுங்க அம்மணி" என்றார் கரஸ்பாண்டென்ட், கோபமில்லாமல், மிகவும் மரியாதையாக.

"சரிங்க சார்" என்றேன்.

இந்த இரண்டு வார்த்தைகளுக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். யாரும் என்னை மிரட்டவில்லை. மாட்டேன் என்பதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் பக்கம் முடியாததற்குக்கூட 'பார்க்கலாங்க' என்றுதான் சொல்வோம். வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் மரியாதையாக ஒன்று சொன்னால், தோப்பு வாசலில் நின்று அப்பா சொன்னதும், அவருடைய அப்பா சொன்னதும் 'சரிங்க'தான். நான் படித்த இயற்பியலெல்லாம் அந்த ஒரு நொடியில் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அந்தப் பழக்கம்தான் என் வாய் வழியாகப் பேசியது. ஜன்னலோரம் நின்றிருந்த காதர் அண்ணன் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது பேருந்து பொள்ளாச்சியைத் தாண்டவில்லை, பதில் வந்துவிட்டது. ஒரு பிள்ளை போகட்டும், இன்னொரு பிள்ளை கூட்டிவரட்டும். ஒருத்தி ஓட்டிக்கொண்டு போவாள், பக்கத்தில் உட்கார்ந்தவன் அவளைப் பூமிக்குக் கொண்டுவருவான். ஒரு மிஷின், ஒரு பீரியட், இரண்டு பிள்ளைகள். அவர் கேட்டது அப்படியே. துள்ளி எழுந்து முன் சீட்டிலிருந்த சாரிடம் சொன்னேன்.

"நல்ல யோசனைதான்" என்றார். "ஆனா இப்பத்தானே சரின்னு சொன்னே? மறுபடி போய் நின்னா நல்லாருக்காது. அடுத்த வெர்ஷன்ல பாத்துக்கலாம்."

அடுத்த வெர்ஷன் வரவில்லை. சார் பொய் சொல்லவில்லை, அவரும் நம்பித்தான் சொன்னார். ஆனால் மில் வேலை வந்தது, அதற்கு மேல் இன்னொன்று வந்தது. உங்களிடம் யாராவது 'அடுத்த வெர்ஷன்' என்று சொல்லும்போது என்ன செய்வது என்று எனக்கும் முழுதாகத் தெரியாது. ஆனால் ஒன்று தெரியும். ஓர் அறையில், எல்லோரும் உங்கள் முகத்தைப் பார்க்கும்போது, 'சரிங்க' வருவதற்கு முன்பாக 'நாளைக்குச் சொல்றனுங்க' என்று சொல்லலாம். அதுவும் மரியாதைதான். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். எனக்குப் பொள்ளாச்சி வரைக்கும் நேரம் கிடைத்திருந்தால் போதும்.

வரும் வழி இல்லாத ஃபிளாப்பிகள் மூன்று பள்ளிகளுக்கும் போயின. வரும் வழி உள்ளது ஒன்று என் பையிலேயே இருந்தது.

இரண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை யாரிடமும் சொல்லாமல் வெள்ளகோவில் போனேன். டீச்சருக்கு என்னைப் பார்த்ததும் சிரிப்பு. "ஏனுங்க மேடம், எங்க புள்ளைங்க நெலாவுலயே டேரா போட்டுட்டாங்க. ஒண்ணாச்சும் அந்தப் பக்கம் போவேங்குதா பாருங்க." கோகிலாவைக் கூப்பிட்டார். என் ஃபிளாப்பியைப் போட்டு அவளை உட்கார வைத்தேன். வரும் வழியை மட்டும் ஓட்டச் சொன்னால் மாட்டேன் என்றாள், முதலிலிருந்து போய்த்தான் வருவேன் என்றாள். போனாள். புளூட்டோவைத் தொட்டாள். ராக்கெட் திரும்பியது. அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு ஏழு நிமிடமும் திரையையே பார்த்தாள். கதவு திறந்தது.

"வந்துட்டனுங்க்கா" என்றாள்.

எழுந்து வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள். "ஏனுங்க்கா, எங்க வகுப்புக்கு நான் சொல்லிப்போட்டேன். மத்த ஊர்ப் புள்ளைங்களுக்கு யாருங்க சொன்னா?"

"எந்த ஊர் கண்ணு?"

"உடுமலைப்பேட்டைக்கும் குடுத்தீங்களாமா, டீச்சர் சொன்னாங்க. அவிங்க எல்லாம் போயிட்டாங்களா?"

போயிருப்பார்கள் என்றேன்.

"அப்ப இன்னும் அங்கேயேதான் இருக்காங்களா?"

அதற்கு நான் என்ன சொன்னேன் என்று எழுத மாட்டேன். ஏதோ சொன்னேன். அவள் நம்பவில்லை.

தொண்டாமுத்தூர் எங்கள் ஊர், அங்கே காரியம் சுலபமாக முடிந்தது. பழைய ஃபிளாப்பியை வாங்கிக்கொண்டு என்னுடையதின் நகலைக் கொடுத்துவிட்டு வந்தேன். அலுவலகத்தில் போட்டுப் பார்த்தால் பட்டியலில் நாற்பத்தாறு பெயர்கள். புளூட்டோவைத் தொட்டவர்கள். MURUGESH, SHANTHI, R VELUSAMY 5B என்று அவரவர் தட்டியபடி. முதல் பெயரை ராக்கெட்டில் போட்டு, வரும் வழியை ஓட்டினேன். சாப்பாட்டு நேரம். ஏழு நிமிடம். கதவு திறந்தது. முருகேஷ் வந்து சேர்ந்தான். இரண்டாவதைப் போட்டேன்.

இதை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று நினைத்தேன். நான்காம் நாள் காதர் அண்ணன் டிபன் பாக்ஸோடு பின்னால் வந்து நின்றிருக்கிறார். எவ்வளவு நேரம் நின்றார் என்று தெரியாது.

"இன்னும் எத்தனை பேருங்க?" என்று கேட்டார்.

"முப்பத்தொண்ணு."

"நவுருங்க. நீங்க சாப்புடுங்க, நான் ரெண்டு பேரைக் கூட்டியாறேன்."

நேராக நிமிர்த்திய சனி திரையில் போகும்போது அவர் ஒவ்வொரு முறையும் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். ஆனால் எழுந்து போகவில்லை. அடுத்த வாரம் முழுக்க மதியச் சாப்பாட்டில் இருவரும் மாறி மாறி உட்கார்ந்து தொண்டாமுத்தூர்ப் பிள்ளைகளை வீடு சேர்த்தோம். கடைசிப் பெயர் வந்து சேர்ந்ததும் அவர் வடை வாங்கி வந்தார். இந்த அலுவலகத்தில் நான் சாப்பிட்ட நல்ல சாப்பாடு அதுதான்.

பிறகு உடுமலைப்பேட்டை. பெரிய பள்ளி, பிள்ளைகள் அதிகம். போவதற்குள் முழு ஆண்டுத் தேர்வு வந்துவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது லேபில் இருந்தவர் ஃபிளாப்பியை எடுத்துக் காட்டினார். லேபிள் கிழிக்கப்பட்டு, மேலே பால்பாயின்ட்டில் வேறு ஏதோ எழுதியிருந்தது. "டைப்பிங் பரீட்சைக்கு டிஸ்க் பத்தலைங்க மேடம். பழசை அழிச்சு ஃபார்மேட் பண்ணிப்போட்டேன்." நல்ல மனிதர். எனக்கு மோர் வாங்கிக் கொடுத்தார். பட்டியலில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று கேட்டேன். "அது நெறைய இருந்துச்சுங்க" என்றார். ஐந்தாம் வகுப்பு முடிந்து பிள்ளைகள் எங்கெங்கோ போய்விட்டிருந்தார்கள்.

காதர் அண்ணன் இப்போது கம்ப்யூட்டரிலேயே சேலை டிசைன் போடுகிறார், முழுதாகத்தான். பார்க்கும்போதெல்லாம், "உடுமலை ஆளுங்க யாராச்சும் கெடைச்சாங்களா அம்மணி?" என்று கேட்பார். நான் அந்தப் பக்கத்துக்காரர்களைச் சந்தித்தால் வயது கேட்பேன். பதினொரு வருடத்தில் ஐந்து பேர் கிடைத்தார்கள். ஐந்து பேரையும் கொண்டுவந்துவிட்டேன். மற்றவர்களின் பெயர் எனக்குத் தெரியாது. பெயர் இல்லாமல் ராக்கெட் கிளம்பாது, நான் அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

சேர்ந்த அன்று நீங்கள் கொடுத்த விண்ணப்பங்களைப் பார்த்தேன். உங்களில் இரண்டு பேருக்கு ஊர் உடுமலைப்பேட்டை. பிறந்த வருடத்தைக் கணக்குப் போட்டால் அப்போது ஐந்தாம் வகுப்பு. நேரில் கேட்கக் கூச்சமாக இருந்தது. அந்தப் பள்ளியில் படித்து, அந்த விளையாட்டை ஆடி, புளூட்டோவைத் தொட்டிருந்தால் வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் என் மேஜைக்கு வாருங்கள். பெயரை எந்த எழுத்துகளில் தட்டினீர்கள் என்பது மட்டும் ஞாபகமிருந்தால் போதும். நீங்களே ஓட்டலாம். நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.